இலை வேறு, இலையிலிருந்து வடித்த தைலம் வேறு

போன ஐப்பசி மழையில் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் சித்தி வீட்டில் நடந்தது. ஊட்டிக்குப் போய்விட்டு மேட்டுப்பாளையம் வழியாகத் திரும்பியவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் நீலகிரித் தைலம், அதாவது யூகலிப்டஸ் எண்ணெய், வாங்கி வந்திருந்தார்கள். அதில் ஒன்றை இரண்டரை வயதுக் குழந்தை, யாரும் பார்க்காத நேரத்தில் மூடியைத் திருகி வாயில் கவிழ்த்துக்கொண்டது. கொஞ்ச நேரம் இருமியது, அப்புறம் துவண்டு தூங்கப் பார்த்தது, அரை மணிக்குள் வலிப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. "இந்த பாட்டில்ல என்னங்க இருக்கு? எவ்வளவு உள்ள போயிருக்கும்?" பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு மரத்தின் படமும் 'சுத்தமானது' என்ற சொல்லும்தான் இருந்தன. இரண்டு கேள்விக்குமே எங்களிடம் பதில் இல்லை.

குழந்தை இரண்டு நாளில் தேறிவிட்டது. ஆனால் நான் கோயம்புத்தூரில் ஒரு சோதனைக்கூடத்தில் சில வருடம் இதே மாதிரி எண்ணெய்களைப் பரிசோதிக்கும் வேலை பார்த்திருக்கிறேன், என் சொந்த வீட்டு ஆட்களுக்கே இதை ஒரு தடவைகூட உட்கார வைத்துச் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் இங்கே எழுதுகிறேன், வேதியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி.

வீட்டுக்கு வந்ததும் அமுச்சி, எங்கள் பாட்டி, கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கலாம். "ஏங்கண்ணு, நாங்கெல்லாம் தைல மரத்துத் தழையும் நொச்சித் தழையும் போட்டு ஆவி புடிக்கலையா, அப்பெல்லாம் யாருக்கு என்ன ஆச்சு?" நியாயமான கேள்வி. பதில் அளவில் இருக்கிறது. தைல மரமான யூகலிப்டஸின் இலையில் எண்ணெய் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு பங்குதான். மிச்சம் தண்ணீரும் நாரும். இலையைக் கொப்பரையில் அடைத்து ஆவி விட்டு, அந்த ஆவியைக் குளிரவைத்து மேலே மிதக்கிற எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்தால் கிடைப்பதுதான் பாட்டிலில் வருகிறது. அப்படியானால் ஒரு சின்ன ஸ்பூன் தைலம், அதாவது 5 மில்லி, கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை இலைக்குச் சமம். அமுச்சி போட்ட ஒரு பிடி தழையில் இருந்த எண்ணெயில் பாதி கூரைக்குப் போயிருக்கும். அரைக் கிலோ இலையை எந்தக் குழந்தையும் தின்று முடிக்காது, ஒரு ஸ்பூன் தைலம் ஒரே மடக்கில் போய்விடும்.

இதில் நம் மொழியே ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. சித்த வைத்தியத்தில் நல்லெண்ணெயிலோ விளக்கெண்ணெயிலோ மூலிகையைப் போட்டுப் பதமாகக் காய்ச்சி இறக்குவதும் தைலம்தான், ஆவியில் வடித்த செறிவான வாசனை எண்ணெயும் தைலம்தான். முதலாவதை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக் குளிக்கலாம். இரண்டாவதை நேராக அப்படித் தேய்த்தால் தோல் வெந்துபோகும். நான் இனிமேல் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. வாசனை எண்ணெய் என்றே சொல்கிறேன், எசென்ஷியல் ஆயில் என்று கடையில் விற்பதும் இதையேதான்.

சரி, ஒரு வாசனை எண்ணெய் சோதனைக்கூடத்துக்கு வந்தால் முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. முதல் வேலை, டாக்டர் கேட்ட முதல் கேள்விதான்: உள்ளே என்ன இருக்கிறது? ஜிசி-எம்எஸ் என்ற கருவியில் ஒரு துளியிலும் சிறு பங்கை ஏற்றுவோம். முடி மாதிரி மெல்லிய குழாய், சுருட்டி வைத்திருப்பார்கள், நீட்டினால் 30 மீட்டர்கூட இருக்கும். எண்ணெய் ஆவியாகி அதற்குள் ஓடும்போது ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்துக்கு வெளியே வரும். வருவதை ஒவ்வொன்றாக உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்த்து, இது சினியோல், இது பைனீன் என்று பெயர் சொல்லிவிடலாம். ஒரே எண்ணெயில் ஐம்பது, நூறு பொருள்கள் இருப்பது சாதாரணம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கடையில் 'யூகலிப்டஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு எண்ணெய்கள் கிடைக்கின்றன. நீலகிரியில் 1843 வாக்கில் கொண்டுவந்து நட்ட நீல யூகலிப்டஸின் எண்ணெயில் பிரதானம் சினியோல், ஐரோப்பிய மருந்துத் தரம் என்றால் அது 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எலுமிச்சை வாசம் வீசுகிற சிட்ரியோடோரா மரத்தின் எண்ணெயில் பிரதானம் சிட்ரோனெல்லால். வேறு பொருள், உடம்பில் வேறு வேலை. ஒன்றில் செய்த சோதனை முடிவை இன்னொன்றுக்கு ஒட்ட முடியாது. இதோடு கலப்படம் வேறு இருக்கிறது, விலை மலிவான டர்ப்பன்டைன் கலந்தால் மூக்கு கண்டுபிடிக்காது, கருவி கண்டுபிடிக்கும். என்னைக் கேட்டால், எந்தத் தாவரம், எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று சொல்லாத பாதுகாப்பு அறிக்கை எதையும் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

அதற்கப்புறம்தான் உடனடி நச்சுச் சோதனை. ஒரே வேளை கொடுத்தால் என்ன ஆகும்? பழைய முறையில் பாதி விலங்குகள் சாகிற அளவைத் தேடுவார்கள், அதுதான் எல்டி50. 1927-இல் டிரெவன் என்பவர் கொண்டுவந்த கணக்கு. நிறைய எலிகள் செத்தன. இப்போது ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் வழிகாட்டி 423 போன்ற முறைகளில் ஒரு படிக்கு மூன்று எலிகள்தான்: உடல் எடையில் கிலோவுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என்ற படிகளில் பொருத்தமான ஒன்றில் தொடங்கி, அவை தாங்கினால் மேல் படிக்கும் தாங்காவிட்டால் கீழ்ப் படிக்கும் போய், 14 நாள் கூடவே இருந்து கவனிப்பார்கள். விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும், அது இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது.

இந்த எண்ணை எப்படிப் படிக்கக் கூடாது என்பதற்கு எங்கள் வீட்டுப் பாட்டிலே உதாரணம். யூகலிப்டஸ் எண்ணெய்க்கு எலியில் எல்டி50 கிலோவுக்கு 4 கிராமுக்கு மேல். பட்டியலில் பார்த்தால் 'நச்சு குறைவு' வகை. 12 கிலோ குழந்தைக்கு அப்படியே பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 50 கிராம் போனால்தான் ஆபத்து என்று வரும். ஆனால் ஒரு ஸ்பூன், அதற்கும் குறைவாகக் குடித்த குழந்தைகளுக்கே மயக்கமும் வலிப்பும் வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. எலிச் சோதனை சாவை எண்ணியது, வலிப்பை அல்ல. எலியின் மூளை குழந்தையின் மூளையும் அல்ல. அதனால்தான் மனிதர்களிடமிருந்து வரும் விஷ பாதிப்புப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எலி எண்ணைப் படிக்க வேண்டும்.

கற்பூரமும் இதே வகைதான், இன்னும் மோசம். குழந்தைக்குச் சளி என்றால் தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுச் சூடு பண்ணி நெஞ்சில் தடவுவது நம் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு சூடம் என்று யாராவது அளந்திருக்கிறோமா? 20 சதவீதக் கற்பூர எண்ணெய் ஒரு ஸ்பூனில் ஒரு கிராம் கற்பூரம் இருக்கும். சின்னக் குழந்தைகள் அந்த அளவில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா இந்தக் கற்பூர எண்ணெயை 1980களின் தொடக்கத்தில் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டு, தடவும் மருந்துகளில் 11 சதவீதம்தான் உச்சம் என்று வைத்தது. தோல் வழியாகவும் உள்ளே போகும் பொருள் இது. பூசைச் சூடம் மருந்துக்காகச் செய்ததே அல்ல, பெரும்பாலும் டர்ப்பன்டைனிலிருந்து ஆலையில் தயாராவது. அதைக் குழந்தை மேல் தடவாதீர்கள்.

ஊட்டிக் கடைகளில் கை கால் வலிக்கு விற்கிற விண்டர்கிரீன் எண்ணெயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவு. ஒரு ஸ்பூன் குடித்தால் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் முழங்காலில் தினமும் தாராளமாகத் தேய்த்தாலே ரத்தக்கசிவு கூடலாம்.

ஒரே வேளையில் ஒன்றும் ஆகவில்லை, தினமும் எடுத்தால்? இங்கேதான் பொறுமை வேண்டும். 28 நாள், 90 நாள் என்று தினமும் மூன்று அளவுகளில் கொடுத்து, ஒரு கூட்டத்துக்கு எண்ணெய் இல்லாமல் வெறும் கலவையைக் கொடுத்து, எடை, தீனி, ரத்தம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஈரோட்டுக்காரர்களுக்குப் பிடித்த உதாரணம் கையில் இருக்கிறது. திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் மஞ்சள் எண்ணெயைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். மஞ்சள் பொடியை அல்ல, குர்குமினை அல்ல, கிழங்கிலிருந்து பிரித்த வாசனை எண்ணெயை. ஒரே வேளையாகக் கிலோவுக்கு 5 கிராம் கொடுத்தும் எலி சாகவில்லை. தினமும் கிலோவுக்கு 0.5 கிராம் வரை 13 வாரம் கொடுத்தும் கேடு தெரியவில்லை.

உடனே, ஆஹா, 60 கிலோ ஆள் தினமும் 30 கிராம் குடிக்கலாம் என்று கணக்குப் போடக் கூடாது. கேடு தெரியாத அந்த உச்ச அளவை நூறால் வகுப்பது வழக்கம். எலியைவிட மனிதன் பத்து மடங்கு மென்மையானவன் என்று வைத்துக்கொண்டு ஒரு பத்து, மனிதர்களுக்குள்ளேயே நோயாளி, கிழவர், பிள்ளைத்தாய்ச்சி என்று இருப்பதால் இன்னொரு பத்து. அப்படி வகுத்தால் 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம் என்று வருகிறது, சில துளிகள்தான். இதை யாரும் மருந்தளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டத்தான் சொன்னேன். கர்ப்பத்துக்கு என்ன ஆகும் என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும், அது 90 நாள் சோதனைக்குள் அடங்காது.

அடுத்தது, எண்ணெய் மரபணுவைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் இவ்வளவு எளிமையாக யோசித்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கியது. சால்மோனெல்லா பாக்டீரியாவில் ஒரு குறையுள்ள வகையை எடுத்துக்கொள்வார்கள், அதற்குத் தனக்கு வேண்டிய ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே செய்யத் தெரியாது. அந்தச் சத்து இல்லாத தட்டில் விட்டால் வளராது. நாம் சோதிக்கிற எண்ணெய் அதன் மரபணுவைக் கிளறிவிட்டால் சிலவற்றுக்கு அந்தக் குறை தற்செயலாகச் சரியாகி, தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். எண்ணெய் போடாத தட்டிலும் சில புள்ளி இருக்கும், அதைவிட எத்தனை மடங்கு கூடுதல் என்பதுதான் கேள்வி. இன்னொரு நுணுக்கம்: சில பொருள்கள் நேரடியாகக் கேடு செய்யாது, நம் கல்லீரல் அவற்றை மாற்றிய பிறகுதான் செய்யும். அதனால் எலிக் கல்லீரலின் சாற்றைச் சேர்த்தும் ஒரு தடவை பார்ப்பார்கள். மஞ்சள் எண்ணெய் இதிலும் தேறியது. ஆனால் பாக்டீரியாவில் தேறிவிட்டால் போதாது, அதைத் தாண்டி விலங்கின் எலும்பு மஜ்ஜையில் குரோமோசோம் உடைகிறதா என்றும் பார்ப்பார்கள். திருச்சூரில் அதையும் பார்த்தார்கள்.

இப்போது வசம்பு. இந்தக் கட்டுரையில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிள்ளை வளர்ப்பான் என்றே இதற்குப் பெயர், இருட்டினால் பேர் சொல்லாதது என்போம். விளக்கில் சுட்டு, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து, வயிறு உப்புசத்துக்குக் குழந்தையின் நாக்கில் ஒரு கோடு இழுத்துவிடாத வீடு கொங்கு நாட்டில் எத்தனை? என் நாக்கிலும் இழுத்திருக்கிறார்கள். 1960களில் ஜம்மு வகை வசம்பின் எண்ணெயை எலிகளுக்குத் தீனியோடு நெடுநாள் கொடுத்துப் பார்த்தபோது குடலில் கட்டிகள் வந்தன. 1968-இல் அமெரிக்கா வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை போட்டது. காரணமாகச் சுட்டுவது பீட்டா அசரோன் என்ற பொருள். இந்திய வசம்பு எண்ணெயில் அதுதான் பெரும்பங்கு. ஆச்சரியம் என்னவென்றால், வட அமெரிக்காவின் பூர்வீக வசம்பில் அது கண்டுபிடிக்கிற அளவுக்குக்கூட இல்லை. பார்வைக்கு ஒரே மாதிரி செடி, குரோமோசோம் எண்ணிக்கைதான் வேறு.

"ஆயிரம் வருசமாக் கொடுக்கிறோமே" என்று சொல்வார்கள். நான் அந்த அனுபவத்தை மதிக்கிறேன், ஒப்புக்காகச் சொல்லவில்லை. ஒரு மருந்து கொடுத்த அன்றைக்கே வாந்தி வந்தால், மறுநாள் மேலெல்லாம் தடித்தால், பாட்டிமார்கள் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள். அதில் மரபு நல்ல சோதனைக்கூடம். சித்த மருத்துவம் சரக்குகளைச் சுத்தி செய்யாமல் சேர்க்கக் கூடாது என்று வைத்ததே அந்த எச்சரிக்கையால்தான். ஆனால் இன்றைக்கு நாக்கில் இழுத்த கோட்டுக்கும் ஐம்பது வயதில் வருகிற கட்டிக்கும் முடிச்சுப் போட எந்தப் பாட்டியாலும் முடியாது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருகிற கேட்டையும் ஓர் ஊர் அனுபவத்தில் பார்க்க முடியாது. அந்த இடத்தில்தான் எலியும் பாக்டீரியாவும் தேவைப்படுகின்றன.

எலிக்குப் போனது தினமும், நெடுநாள், செறிவான எண்ணெய். நாம் போடுவது சுட்ட கிழங்கின் ஒரு கோடு. இரண்டும் ஒன்றல்ல. வசம்பு கொடுத்த குழந்தைக்கெல்லாம் புற்றுநோய் என்று பயமுறுத்த நான் வரவில்லை, ஆனால் இதைவிடப் பாதுகாப்பான வழிகள் இருக்கும்போது பச்சைக் குழந்தையின் வாயில் வைக்க வேண்டிய அவசியம் என்ன என்று என் வீட்டில் கேட்டுவிட்டேன். வசம்பு எண்ணெயைக் குழந்தைக்கு, ஏன் யாருக்கும், உள்ளே கொடுக்கவே கூடாது.

துளசியும் இந்த வரிசையில் வரும். சில துளசி வகைகளின் எண்ணெயில் மெத்தில் யூஜினால் நிறைய இருக்கும், அதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் 'மனிதரில் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. மாடத்துத் துளசியில் நாலு இலை மெல்லுவதைப் பற்றியது அல்ல இது. தண்ணீரில் விட்டுக் குடிக்கச் சொல்லி 'துளசிச் சொட்டு' வாங்கி வருகிறீர்களே, அதில் இருப்பது சாறா, வாசனை எண்ணெயா, எவ்வளவு மெத்தில் யூஜினால் என்று கேட்க வேண்டியதைப் பற்றியது.

தோல் சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் அப்போதே தெரியும். ஒவ்வாமை முதல் தடவை தெரியவே தெரியாது, உடம்பு அந்தப் பொருளை மெல்லப் பகையாகப் பழகிக்கொண்டு பிறகு ஒரு நாள் வெடிக்கும். அதனால் தன்னார்வலர்கள் முதுகில் நீர்த்த எண்ணெயை மூன்று வாரத்தில் ஒன்பது தடவை ஒட்டி, இரண்டு வாரம் சும்மா விட்டு, மறுபடி ஒட்டிப் பார்ப்பார்கள். கையில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்ப்பது உங்கள் தோலுக்கு இன்றைக்கு என்ன என்று மட்டும்தான் சொல்லும். இன்னொன்று, பழைய எண்ணெய். ஆரஞ்சுத் தோல் எண்ணெய், லாவெண்டர் மாதிரியானவை காற்றுப்பட்டுக் கெட்டுப்போனால் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள் புதிதாக உருவாகின்றன, புதுப் பாட்டிலில் தேறியது பாதி காலியான பாட்டிலுக்குப் பொருந்தாது. எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகலாம், ஆவியில் வடித்ததற்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கல்லூரி ஆய்வுகளில் அடிக்கடி பார்க்கிற ஒன்று எனக்கு வருத்தம் தருவது. உப்புநீரில் வாழும் சின்னக் கூனி இறாலின் குஞ்சுகளை எண்ணெய் கலந்த தண்ணீரில் ஒரு நாள் விட்டு எத்தனை செத்தன என்று எண்ணி, 'இந்த எண்ணெய் பாதுகாப்பானது' என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை மோசமில்லை, மலிவானது, முதல் சல்லடையாக நல்லது. ஆனால் அது கேட்பது ஒரு சின்னக் கேள்வி. கல்லீரலைப் பற்றி, கருவைப் பற்றி, தோலைப் பற்றி அந்தக் கூனி இறால் எதுவும் சொல்லவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது? பழைய நூலில் சொன்னபடியே, சொன்ன நோய்க்கே செய்யும் சித்த மருந்துக்கு உரிமம் தரும்போது தனியாகப் பாதுகாப்புச் சோதனை கேட்பதில்லை, மருந்து விதி 158-பி அப்படித்தான் வைத்திருக்கிறது. ஊட்டிச் சாலையில் வாங்குகிற பாட்டில்கள் பல மருந்து என்றே விற்கப்படுவதில்லை, அதனால் அந்தக் கேள்வியே எழுவதில்லை. வாங்கும்போது தயாரித்தவர் முகவரி, தாவரத்தின் முழுப் பெயர், தொகுதி எண், தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை நான் வாங்குவதில்லை.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே பெரிய ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மூக்கருகிலோ இந்தத் தைலங்களைத் தடவாதீர்கள், மூச்சுத் திணறலாம்.

சித்தி வீட்டில் இப்போது அந்தத் தைலம் மேல் அலமாரியில் பூட்டி இருக்கிறது. பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டி, எந்த எண்ணெய், வாங்கிய தேதி, திறந்த தேதி எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எடுத்து முடித்ததும் எண்ணெய் நிற்கிற மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன். அமுச்சிதான் மறக்காமல் போடுகிறார்.